நான் மாட்டாத ஃபோர்க்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று முதல் வரியில் எழுதினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும், அதனால் எழுதிவிட்டேன். அம்மா நலம் என்பது உண்மை. நான் நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் தொண்டையைச் செருமுவதற்குள் சாப்பிட்டியா தூங்கினியா என்று அவளே பாதி நேரத்தை முடித்துவிடுகிறாள். தவிர இது இப்போதைக்கு அவள் காதில் விழக்கூடாத விஷயம். இன்று எனக்கு லீவு, அவள் ஆபீஸ் போயாகிவிட்டது, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் விரல் இடுக்கில் கிரீஸ் போகவில்லை, தாளில் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவின் ஆபீஸை ஊரின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஒருநாள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற உன் சைக்கிளைக் காட்டி, "நாலு வருஷமா போர்வை போத்தி வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன காய்ச்சலா? சரி பண்ணிக் குடுங்க, நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். நீ அதிலிருந்து விழுந்து கை உடைந்த நாளிலிருந்து அதைத் தொடவே எனக்கு மனசில்லை, ஒரு வாரம் மாட்டேன் என்றேன். அப்புறம் ஒருநாள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துச் சரி என்றுவிட்டேன். போன மாதம் இதை அவள் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. "ஐயோ அதைப் போய் எதுக்கு, எடைக்குப் போட்டுடுங்க, அம்மாவுக்கு நான் புதுசு வாங்கித் தரேன்" என்று அவசர அவசரமாகச் சொன்னாய். என் மகளுக்கு அம்மா மேல் எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப் போனேன். என்னைப் போல ஒரு ஏமாளி இந்தத் தெருவில் கிடையாது.

போர்வையை எடுத்தேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கோடு ஏறி இறங்குமே அந்த ஃபோர்க், நாம் வீட்டில் ஷாக் என்போமே, அது துருப்பிடித்து அப்படியே இறுகிக் கிடந்தது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் ஹேண்டில் பாரைத் தாங்குகிற ஸ்டெம்மைத் தளர்த்த வேண்டும். ஸ்டெம் எதைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்றால் ஃபோர்க்கின் தலையிலிருந்து சட்டத்துக்குள் ஏறி மேலே எட்டிப் பார்க்கிற ஒரு குழாயை. அந்தக் குழாய்தான் உயிர். ஸ்டெம்மின் இரண்டு போல்ட்டும் அதைப் பிடிக்க வேண்டும், குழாயின் வாய் ஸ்டெம்மின் வாயைவிட ஒரு நூல் மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறேன், குழாய் இரண்டு விரல் கீழே கிடக்கிறது. கீழ் போல்ட் குழாயின் விளிம்பைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது. மேல் போல்ட் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வண்டியைச் சரிவில் விட்டால் ஹேண்டில் ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். நீ விழுந்ததற்குக் காரணம் அதுதான், பார்த்த அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் நான் பட்ட பாட்டை உனக்கு எழுத வேண்டும். குழாயை இவ்வளவு குட்டையாக வெட்டியது நான்தான் என்றே நினைத்தேன். உன் சைக்கிளுக்குப் புது ஃபோர்க் வாங்கி, ஹாக்ஸா பிளேடை வைத்துக் குழாயை அளந்து அறுத்து மாட்டியவன் நான்தானே. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரைமணி கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. என் வழக்கம் உனக்குத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் எந்த போல்ட்டை முறுக்கினாலும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன், பின்னால் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். உன் ஃபோர்க்குக்கு வீட்டில் பெயிண்ட் இல்லாமல் அம்மாவின் நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டேன், அவள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு போல்ட்டிலும் கோடு இல்லை. பிறகு குழாயின் வெட்டிய விளிம்பைப் பார்த்தேன், பக்கத்தில் நான் ஆணியால் தட்டி வைத்த தேதியும் இல்லை. அதே கறுப்பு, அதே பருமன், ஆனால் அது நான் வாங்கியதும் இல்லை, நான் மாட்டியதும் இல்லை.

அதைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். யாரோ திருடிவிட்டார்கள், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று என் வாயில் ஆயிரம் நியாயம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒருதரம் பார்த்தார். "இது உங்க பொண்ணோட சிநேகிதி வண்டியில இருந்ததாச்சே சார்" என்றார். அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டினால் பாவம் எனக்கு. "நீங்க மாட்டிக் குடுத்த மறுநாளே ரெண்டு பேரும் வந்தாங்க. உங்களுதைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். இதை மாட்டச் சொன்னாங்க. இது சின்ன சட்டத்துக்கு வெட்டினது, குட்டையா இருக்கு, நான் மாட்ட மாட்டேன்னுட்டேன். உங்களுதை இங்கயே விட்டுட்டு, நாங்களே மாட்டிக்கறோம்னு போயிட்டாங்க. எதுக்கும்மா நல்ல ஃபோர்க்கைக் கழட்டுறீங்கன்னு கேட்டேன். அப்பா மாட்டினதுல ஏற பயமா இருக்கு, அவர் லிஃப்ட் ஆளு, சைக்கிள் தெரியாது, அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க." சொல்லிவிட்டு அவர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து சாக்கில் சுற்றின ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நகப்பூச்சுக் கோடுகள் மயிரிழைகூட அசையாமல் அப்படியே இருந்தன. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை, சந்தில் மாடி வீட்டு டீச்சர் வணக்கம் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை என்று மறுநாள் அவர் கோபித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் மாட்டினேன், ஞாயிற்றுக்கிழமை நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது நீ வாயைத் திறப்பதற்குள் அம்மா அழுதுகொண்டே, "அவங்க அப்பா மாட்டின ஷாக் கழண்டுடுச்சு டாக்டர்" என்றாள். அவளுக்கு வேறு என்ன தெரியும். டாக்டர் உன்னைப் பார்த்தார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு ஆமா என்றாய். அந்த ஒரு ஆமா போதாதா. வலியில் சொன்னாய், பயத்தில் சொன்னாய், சரி, அன்றைக்கு விட்டுவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் லிஃப்ட்டில் வேலை பார்த்தவன், ஒரு ஆளுக்குக் கீறல் பட்டதில்லை. பெற்ற பெண்ணின் கையையே உடைத்தவன் ஊர்க்காரர்களைக் கயிற்றில் தொங்கவிடலாமா என்று அடுத்த வாரமே மேனேஜருக்கு மனு எழுதினேன், என்னை ஸ்டோருக்கு மாற்றுங்கள் என்று. அந்த மனுவில் எழுத்துப்பிழை பார்த்துத் தந்தது யார். இடது கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, வலது கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, இங்கே கமா வேணும்ப்பா என்று சொன்னது யார். கமாவைப் பார்த்த கண்ணுக்கு அப்பன் முகம் தெரியவில்லை. நான்கு வருஷமாக டப்பா டப்பாவாக நட்டும் வாஷரும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இனி நான் கேட்டாலும் பழைய வேலைக்கு விடமாட்டார்கள், எல்லாம் கம்ப்யூட்டர் போர்டாகிவிட்டது, ரிட்டயராக இன்னும் பதினாலு மாதம்தான்.

என் மேலும் தப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நின்றுபோன லிஃப்ட்டை ஏன் நின்றது என்று பார்க்காமல் நான் தொட்டதே கிடையாது, சின்னப் பையன்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்திருக்கிறது. உன் சைக்கிளை மட்டும் ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் என் தப்பு கண்ணில் படுமே என்று போர்வையைப் போட்டு மூடினேன். ஐந்து நிமிட வேலை, நான்கு வருஷத்தைத் தின்றுவிட்டது. ஆனால் பார்க்காமல் இருந்தது ஏன் என்றால் நீ ஆமா என்றாய், நான் நம்பிவிட்டேன். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். அப்பா எனக்குப் பயமா இருக்கு, கடையில மாட்டிக்கறேன் என்று சொல்லியிருந்தால் ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். மாற்றியதற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை. நான் கரைந்துகொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாய் பார், அதுதான் தாங்கவில்லை. துரோகம் என்பது பெரிய வார்த்தை, பெற்ற பிள்ளைக்கு எழுதக்கூடாது என்று இரண்டு தரம் அடித்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை, இருக்கட்டும்.

சரி, அந்த ஃபோர்க்கைச் சொல்கிறேன். பரணில் கிடந்ததில் உள்ளே கிரீஸ் எல்லாம் பிசினாகிவிட்டது, மேலே தூசி போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற போல்ட்டை நீளமான அலென் கீ விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கிற கம்பியும் சேர்ந்து சுற்றுகிறது, கழலமாட்டேன் என்கிறது. ஃபோர்க்கை நெஞ்சால் அழுத்தி ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டு திருப்பினேன், வந்துவிட்டது. சட்டைப் பட்டன் ஒன்று போயிற்று. மண்ணெண்ணெயில் கழுவி, உள்குழாயில் இருந்த துருப்புள்ளிகளை எண்ணெய் போட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பர், புது கிரீஸ். பேரிங் உட்காருகிற வளையத்தைத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். மாட்டி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. குழாய் ஸ்டெம்முக்கு ஒரு நூல் கீழே சரியாக நின்றது, நான்கு வருஷத்துக்கு முன் என் கை சரியாகத்தான் அளந்திருக்கிறது. கடையில் வாங்கின மலிவுச் சரக்குதான், பெரிய கம்பெனி இல்லை, ஆனால் ஒழுங்காகப் போட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது. சனிக்கிழமை அம்மா தூங்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் நீ விழுந்த அதே சரிவில் ஐம்பத்தெட்டு வயதில் மூன்று தரம் இறங்கினேன். மூன்றாவது தரம் கீழே நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை அம்மா முதல்முறையாக அதில் ஆபீஸ் போனாள். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் மெதுவாகப் போ, முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதே என்று ஆரம்பித்தேன். "நேரமாச்சு, விடுங்க" என்று என் கையைத் தட்டிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். திருப்பத்தில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை பாப்பா. கடைக்காரர் சொன்னது, பரணிலிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது அவளுக்கு. உன் கையை உடைத்தது என் வேலைதான் என்று இந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருப்பவள் அவள். அப்படி நினைத்துக்கொண்டே நான் மாட்டியதில் ஏறிப் போனாள்.

குளிர் அதிகம் என்கிறாய், பிளேட் வைத்த மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, கனமான பையை இடது கையில் தூக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றம் இல்லை. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
நீ எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற
உன் அப்பா