இடது பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 4

வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

பூச்செடி விற்பதற்காக அவள் வாங்கிய பழைய சின்ன டிரக். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், என் மனைவி, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வண்டி ஷெட்டிலேயே நின்றது. பேட்டரி இறங்கிவிடுமே என்று இன்று எடுத்தேன். அத்தையும், அதாவது என் மாமியாரும், ஏறிக்கொண்டார். மகளுக்காக வந்தவர் இன்னும் ஊர் திரும்பவில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை.

எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஸ்டீயரிங்கை விட்டேன். வண்டி மெல்ல ஓரம்கட்டி ஒரு துணிக்கடை வாசலுக்குப் போனது. பிரேக் போட்டேன். அவள் வழக்கமாகப் போகும் கடை.

அத்தை என் கையைப் பிடித்தார். “மாப்பிள்ளை... அவதான்.”

“டயர்ல காத்து கம்மியா இருக்கும் அத்தை.”

“வந்தது வந்தாச்சு, உள்ள போகாம எப்படி?”

இரண்டு தலையணை உறை வாங்கினோம்.

மார்ச் 5

காற்று சரி. முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். டயரில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டும். இல்லை. அதே இடது.

“சொன்னா கேக்குறவளா அவ?” என்றார் அத்தை. பெருமை வேறு.

மறுபடி தலையணை உறை. எங்களிடம் தலையணையே இரண்டுதான்.

மார்ச் 7

ரோடு சரிவாக இருக்கலாம். வேறு தெருவில் விட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் வாசலுக்குப் போனது.

“பாத்தீங்களா அத்தை? பல் டாக்டர்னா அவ நாலு தெரு சுத்திப் போவா.”

“இப்ப பயம் விட்டுப் போயிருக்கும்.”

நான் படித்த ஆட்டோமொபைல் டிப்ளமோவில் இந்தப் பாடம் இல்லை.

ஆனால் மத்தியானம் அத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 8

விஷயம் கேள்விப்பட்டு அத்தையின் தங்கை, அவளுடைய சித்தி, வந்துவிட்டார். பின்னால் ஏறி நின்று கேபின் கூரையைத் தட்டினார். “என் பொண்ணுக்கு மாப்பிள்ளை எந்தப் பக்கம்னு கேளுங்க!”

வண்டி டயர் கடைக்குப் போனது. டயர் கடைக்காரருக்கு ஐம்பது வயது. மூன்று பிள்ளைகள்.

அவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்து, கீழே குனிந்தார். “என்ன சார், படிச்சவர்தானே? இப்படியே ஓட்டுங்க, ஒரு நாள் நீங்க ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.”

சித்திக்கு ஏமாற்றம். “இவரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மார்ச் 9

செடி கேட்டு ஒருவர் அவளுடைய நம்பருக்குக் கூப்பிட்டார். “இப்ப வீட்ல இல்லீங்க” என்றேன்.

மார்ச் 10

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது, பிரேக் எங்கும் உரசவில்லை. கடப்பாரையால் நெம்பினேன் — சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் தாராளமாக ஆடுகிறது. அது ஆடாமலிருக்க உள்ளே போடும் ரப்பர் வளையம், புஷ், நைந்து கூழ். இடது சக்கரம் பின்னால் தள்ளிப் போகிறது, அதனால்தான் இழுப்பு. இதிலா அத்தையை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினேன்?

அத்தை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கழட்டாதீங்க மாப்பிள்ளை.”

“ஆபத்து அத்தை.”

“அவளுக்கு வலிக்கும்.”

“இது ரப்பர்.”

“அப்புறம் அவ எப்படி வருவா?”

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. கையில இருந்த ஸ்பேனர வீசி எறிஞ்சேன். கத்தினேன். “அவ செத்துட்டா அத்தை! செத்துட்டா! இது புஷ்ஷு!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மூடியது.

அத்தை எழுந்து போனார். ஸ்பேனரைப் பொறுக்கி வந்து என்னிடம் நீட்டினார்.

“ஊரே சொல்லியாச்சு. நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. புருஷனே சொல்லலயே, நான் எதுக்கு நம்பணும்னு இருந்தேன்.”

வாங்கிக்கொண்டேன். நட்டு இறுகிக் கிடந்தது. அத்தை டார்ச் பிடித்தார்.

மார்ச் 12

புஷ் கிடைத்தது. வலது பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கினேன்.

மார்ச் 14

மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. அத்தையோடு கிளம்பினேன். ஸ்டீயரிங்கை விட்டேன்.

நேராகப் போனது. துணிக்கடையைத் தாண்டியும் நேராகத்தான். அத்தை தலையைத் திருப்பிக் கடையைப் பார்த்தார்.

கொஞ்ச தூரத்தில் ரோடு மங்கியது. முன் கண்ணாடியில் அழுக்கு என்று தண்ணீர் அடித்து வைப்பர் போட்டேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். பிளேடு தேய்ந்திருக்குமோ?

“கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு மாப்பிள்ளை,” என்றார் அத்தை. “ஓரமா நிறுத்துங்க.”