நாலு பேர் உள்ள ஊர்

ஜூன் 10, செவ்வாய்

பேய்க் காற்று. மாடியில் உலர்த்திய புடவை முழுக்க முருங்கைப் பூ. எல்லாம் ப.வீ.மா. மரத்துப் பூ. (பக்கத்து வீட்டு மாமி. முழுதாக எழுதக்கூட மனமில்லை.) கம்பளிப்பூச்சி விழுகிறதே என்று நம் பக்கம் நீட்டியிருந்த கிளையை ஆள் வைத்து வெட்டினேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வருஷம். பூச்சியாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை.

மத்தியானம் துறையூரிலிருந்து நாத்தனார் போன். நித்யாவுக்கு ஒரு வரன். பையன் பெயர் கதிர். சொந்த ஊர் துறையூர், வேலை ஆஸ்திரேலியாவில், ஹோட்டல் மேனேஜர். அங்கே அவன் இருக்கிற ஊர் முல்கா கார்னர். இரண்டு மாநிலம் முட்டிக்கொள்ளும் எல்லையில் இருக்கிறதாம்.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கார்னர் சைட்டா? ரேட் ஜாஸ்தியாச்சே."

நித்யா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "பேசிப் பாக்கறேம்மா. ஆனா இதையும் விசாரிச்சு விசாரிச்சுக் கெடுத்துடாத. இருபத்தெட்டு ஆச்சு. இதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்குப் பாக்கவே வேணாம்."

நான் எங்கே கெடுத்தேன்? முதல் பையன் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை வாடா போடா என்கிறவன். இரண்டாவது பையனின் அம்மா இஸ்திரிக் கடையில் சட்டையை இரண்டு தடவை எண்ணுகிறவள். மூன்றாவது மறந்துவிட்டது, காரணம் இல்லாமல் இருக்காது. நாலு பேரிடம் விசாரிக்காமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா?

ஜூன் 11, புதன்

தில்லை நகர் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே. கிளினிக்கில் ஒரே காய்ச்சல் கூட்டம். ரிசப்ஷனில் எனக்கு இத்தனை வருஷப் பழக்கம். டோக்கன் எழுதி முடிப்பதற்குள் ஆளின் பூர்வீகம் வரை வாங்கிவிடுவேன். ஒரு பையனைப் பற்றித் தெரிந்துகொள்வதா பெரிய காரியம்?

மருந்துக் கவுண்டர் மும்தாஜிடம் சொன்னேன். பாலக்கரைக்காரி, அவள் வீட்டில் பாதிப் பேர் துபாயில். "மாஷா அல்லாஹ், நல்ல விஷயம்க்கா. எங்க தங்கச்சிக்குப் பாக்கும்போது மாப்பிள்ளையோட ரூம் மேட்டயே புடிச்சு விசாரிச்சோம். நீங்களும் அக்கம் பக்கத்துல யாரையாச்சும் புடிங்க."

சரியான யோசனை. அக்கம் பக்கம்.

சாயங்காலம் இவர் கம்ப்யூட்டரில் மேப் போட்டார். சிவப்பு மண். பெரிதாக்கினார். இன்னும் சிவப்பு மண். நடுவில் ஒரு தகரக் கூரை. அதை ஒட்டி ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. அதுதான் மாநில எல்லையாம்.

"சரி, பக்கத்து வீட்டக் காட்டுங்க" என்றேன்.

தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே போனார். விரல் வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். பக்கத்து வீடு வரவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் மகன் சிட்னியில்தானே இருக்கிறான். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாடா என்றேன்.

"அத்தை, இங்கேருந்து கார்ல ரெண்டு நாள். திருச்சிலேருந்து நாக்பூருக்கு ஒரு எட்டு போய்ட்டு வான்னு யார்கிட்டயாவது சொல்வீங்களா?"

நித்யாவுக்காக என்றால் சொல்வேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணிக்குப் போகும்.

நித்யா தினமும் வேலை விட்டு வந்ததும் கதிரோடு வீடியோவில். முகமெல்லாம் சிரிப்பு. "அவரு எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிச்சு, நிதானமாத்தான் பதில் சொல்றாரும்மா."

"யோசிக்கலடி. சிக்னல் லேட்டா வருது."

கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்துத் திறந்தாள், வழக்கம் போல.

வாங்க வேண்டியது: உளுந்து, பினாயில், இவருக்கு பிரஷர் மாத்திரை.

ஜூன் 15, ஞாயிறு

கதிர் எங்களோடு பேசினான். கறுப்பு, ஒல்லி, பின்னால் ஒரு நாய். கேட்பதற்கு முன்பே தானாகச் சொன்னான். "மேனேஜர்னு எங்கம்மா சொல்லியிருப்பாங்க. நான் சமைக்கிறேன், பெட்ரோல் போடறேன், தபால் பிரிக்கிறேன், பிளேன் இறங்கும்போது கங்காருவ விரட்டறேன். எல்லாத்தையும் மேனேஜ் பண்றேன், அதனால பொய்யும் இல்லீங்க."

இவர் சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இன்னும் தெரிந்தது:
எல்லை நெடுக ஒரு வேலி. காட்டு நாய் ஆட்டைத் தின்னாமல் இருக்க.
வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் அவன் படுக்கிற அறை. இரண்டும் வேறு மாநிலம். கடிகாரமே வேறு. அரை மணி வித்தியாசம்.
காய்கறி பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, லாரியில்.
ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் விமானத்தில் வர வேண்டும்.

இவர், "பரவால்லையே. ராகு காலம் வந்தா வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கலாம்."

எனக்கு அந்தக் கடைசிதான் மண்டைக்குள் ஓடுகிறது. தில்லை நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். அங்கே என் பெண்ணுக்கு ஜுரம் வந்தால்? பிள்ளை உண்டானால்? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். "நாலு பேருங்க" என்றான். அவனையும் சேர்த்து.

போனை வைத்ததும் இவர், "போதுமே. தூக்கறதுக்கு நாலு பேர்தானே வேணும்."

வாயைக் கழுவச் சொன்னேன். சாயங்காலக் காபி கட்.

ஜூன் 16, திங்கள்

மும்தாஜ் சொன்ன கணக்கு: "நாலு பேர்ல ஒருத்தரு மாப்பிள்ளை. மீதி மூணு பேர்கிட்ட கேட்டுட்டீங்கன்னா ஊரையே விசாரிச்ச மாதிரிக்கா. இந்தத் திருச்சியில யாருக்காச்சும் அப்படி அமையுமா?"

அமையாதுதான். நித்யாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஹோட்டல் நம்பர் வாங்கினேன். முதலாளியம்மா பெயர் ஷேரன். சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். மரியாதைக்கு, அங்கே மணி என்ன என்று ஆரம்பித்தேன். எந்தப் பக்கத்து மணி வேண்டும் என்றாள்.

எனக்கு வருவது கிளினிக் இங்கிலீஷ்தான். நேம், ஏஜ், எனி கம்ப்ளெயிண்ட். அதையே கேட்டேன்: "கதிர், எனி கம்ப்ளெயிண்ட்?"

நீண்ட மௌனம். சிக்னல்தான். பிறகு சொன்னாள், ஒன்று உண்டாம், வெங்காயம் வதக்கும்போது பாடுகிறானாம்.

குடிப்பானா? பீர் விற்பதே அவன்தானாம், குடித்தால் ஸ்டாக் காட்டிக்கொடுத்துவிடுமாம். கோபம்? ஒரு லாரிக்காரன் இவன் செய்த சாம்பாரை என்ன கண்றாவி இது என்று தள்ளிவிட்டானாம். இவன் ஒன்றும் சொல்லாமல் ஆம்லெட் போட்டுக் கொண்டுவந்து வைத்தானாம். இப்போது அந்த லாரிக்காரன் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறானாம்.

அக்கம் பக்கம்? தொண்ணூறு கிலோமீட்டரில் பாப் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். வாரம் இரண்டு தடவை வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாராம். தொண்ணூறு கிலோமீட்டர். இங்கே ஒரு சுவர், நாலு அடி.

குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

ஷேரனே கூப்பிட்டாள். ஊரையே உட்கார வைத்திருக்கிறாள்: அவள், அவள் புருஷன், மெக்கானிக் கிழவர். பாப் வேறு இன்னொரு லைனில். கதிரைப் பெட்ரோல் போட வெளியே அனுப்பிவிட்டார்களாம். அவர்களுக்கும் கேள்வி இருக்கிறதாம்.

பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? காவிரிப் பாலத்தில் சாயங்கால நேரத்தில் ஸ்கூட்டி ஓட்டுகிறவள் என்றேன். புரிந்ததோ என்னவோ. பாம்பு? கொள்ளிடம் பக்கத்தில்தான் வீடு, பார்க்காத பாம்பா. குறட்டை? பொய் சொன்னேன்.

பிறகு மெக்கானிக் கிழவர் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், எனக்கே புரிந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் இருந்துவிட்டு ஓடிவிடுவார்கள், கதிர் மட்டும்தான் நின்றான், அவனுக்கு இங்கே நாங்கள்தான் இருக்கிறோம், அவன் மனசு உடைந்தால் எங்களால் பார்க்க முடியாது என்றார்.

பெண்ணைப் பெற்றவள் கேட்கிற மாதிரியே கேட்கிறார் மனுஷன்.

கடைசியில் ஷேரன் போட்டாள் ஒரு போடு. உங்கள் பெண்ணைப் பற்றி நாங்களும் யாரையாவது கேட்க வேண்டும், சொந்தக்காரர்கள் வேண்டாம், பக்கத்து வீட்டு நம்பர் கொடுங்கள் என்றாள்.

என்னிடமே.

இடப்பக்கம் பூட்டிய வீடு. எதிரே ஸ்கூல் சுவர். பின்னால் வாய்க்கால். மிச்சம் ப.வீ.மா. ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர் வேறு.

ஜூன் 19, வியாழன்

லீவு போட்டேன். வாழைப்பழம் ஒரு சீப்பு, இரண்டு முழம் கதம்பம். கேட்டைத் திறந்தபோது மாமி முருங்கை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் குழாயைத் திருப்பவில்லை. என் கால் நனைந்தது.

"மிச்சக் கிளையையும் வெட்டறதுக்கா?"

"இல்ல மாமி." எல்லாவற்றையும் சொன்னேன். ஊர், வேலி, நாலு பேர், ஷேரன். மாமி குழாயை மூடினாள்.

"ஆக, ஒரு வெள்ளைக்காரி உன்னைப் பத்தி என்கிட்ட விசாரிக்கப் போறா."

"நித்யாவப் பத்தி மாமி."

"ரங்கநாதா" என்று கோபுரம் இருக்கிற திக்கில் ஒரு கும்பிடு. நேர்ந்துகொண்டது பலித்த மாதிரி. "கொழந்தைக்கு நான் நன்னாத்தான் சொல்வேன். ஆனா உன்னைப் பத்திக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன் வசந்தா. நம்பரைக் குடு."

கொடுத்துவிட்டேன். பழத்தையும் பூவையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். "இனிமே பெருமாள் விட்ட வழி" என்றார். இவருக்கு எல்லாம் விளையாட்டு. கெடுத்துவிட்டாய் என்று நித்யா சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஜூன் 21, சனி

மாமி வீட்டில் போன் மணி. சுவரோரம் போய் நின்றேன். யெஸ், நோ, ஓ டியர். பிறகு மாமி சிரித்தாள். அந்த மாமி சிரித்து நான் கேட்டதே இல்லை.

"என்னம்மா, சுவத்துல காத வச்சிட்டு நிக்கற?" பின்னால் நித்யா.

"பல்லிடி."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா நீ சந்தோஷப்படுவல்ல?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. காலையில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுவர் மேல் ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அதற்குப் பின்னால் மாமியின் தலை.

"நித்யா தங்கம்னேன். கோவம் வந்தா கதவைச் சாத்திப்பா, அரை மணில திறந்துடுவான்னேன். அரை மணிதானே, இங்க வேலியைத் தாண்டினாலே சரியாப் போயிடும்னா அந்த ஷேரன்."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா மாமி?"

"கேட்டா. கேக்காம மரத்தை வெட்டிட்டான்னேன்." முருங்கைக்காய்க் கட்டை என் பக்கம் தள்ளினாள். "ஆனா பொண்ணுக்கு ஒண்ணுன்னா கடலைத் தாண்டி வந்து நிப்பா, உங்களால தடுக்க முடியாதுன்னும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"உனக்கு ஒரு கட்டில் போட்டு வெக்கறாளாம். ஊர் போர்டுல ஜனத்தொகை நாலுங்கறதை அழிச்சுட்டு ஆறுன்னு எழுதிடறோம்னா."

அழுதுவிட்டேன். நடுவில் சுவர் இருந்ததால் மாமிக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். உள்ளே போய் நித்யாவிடம் எனக்குச் சம்மதம் என்றேன். கட்டிக்கொண்டாள். என் கையெல்லாம் சோப்பு நுரை.

மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். பரிமாறும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதிரோடு நாலு, நித்யா அஞ்சு, நான் ஆறு. இவரை யாரும் சேர்க்கவே இல்லை. இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு முடிக்கட்டும், சொல்லலாம்.