ஜூனிக்காக ஒரு ஜெபச் சங்கிலி

கார்வர், நெப்ராஸ்கா
6 மார்ச் 1988

அன்பு அர்லீன் அக்காவுக்கு,

நலம்தானே? இந்த வயதில் எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை, பெயர் ஜூனி. மாநிலக் குழந்தைகள் நலத் துறை ஒருவழியாக எங்களை வளர்ப்புப் பெற்றோராக ஏற்றுக்கொண்டது. அதற்குள் எங்களை உரித்துப் பார்த்துவிட்டார்கள். அதிகாரி டீக் அம்மையார் வெந்நீர்க் குழாயில் வெப்பமானியைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் வெண்டலின் வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொன்னார், வயிற்றெரிச்சல் மாத்திரையையும்தான். இப்போது ஏப்பம் வந்தால் மனிதர் என்னிடம் சாவி கேட்டு நிற்கிறார். "உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று அவரைக் கேட்டார்கள். வெகுநேரம் யோசித்து, "மாடுங்க இருந்துச்சு" என்றார். அதற்கும் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

வந்த அன்றே ஜூனியின் கண்ணில் விழுந்த முடியைக் கொஞ்சம் கத்தரித்தேன். பெற்றவள் அனுமதி இல்லாமல் முடியைத் தொடக்கூடாதாம். டீக் அம்மையாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. இதை உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது. ஜூனியின் அப்பன் உங்கள் எல்டன் ஊர்ப் பக்கத்து ஆள். அவனால்தான் தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிள்ளை இருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்பது கோர்ட்டு உத்தரவு. தெரிந்தால் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஜூனி இன்னும் என்னை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். அது போதும் எனக்கு. வாயைத் தைத்துக்கொள்.

உன் தங்கை
கிளெண்டா


எல்டன்
15 மார்ச்

என் செல்லம் கிளெண்டா,

தைத்துக்கொண்டேன். ஆனால் ஜெபத்துக்கு வாய் வேண்டாமா? எங்கள் சபையின் ஜெபச் சங்கிலிதான் உனக்குத் தெரியுமே. நான் போனில் மார்ஜிக்குச் சொன்னால், மார்ஜி அடுத்தவளுக்குச் சொல்வாள், மதியத்துக்குள் ஊரே முழங்காலில் இருக்கும். போன வருஷம் என் பித்தப்பைக் கல்லுக்காக வேண்டியவர்கள் இன்றும் வழியில் நிறுத்தி அதை விசாரிக்கிறார்கள். "கார்வர்ல என் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கற ஜூனி" என்று மட்டும்தான் சொன்னேன்.

புதன்கிழமை சபை விருந்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார், பெயர் ராய்ஸ். ஜூனி பெயரைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "அந்தப் புள்ளைக்காக நான் தினம் வேண்டிக்கறேங்க" என்றார். எல்லாரும் போன பிறகும் இருந்து நாற்காலிகளை மடக்கி வைத்தார். இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்?

உன்
அர்லீன்


கார்வர்
21 மார்ச்

அக்கா,

போனில் பிடிக்கப் பார்த்தேன், எப்போதும் யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறாய். உன்னைத் திட்டவும் யோக்கியதை இல்லை, சொன்னவள் நான்தான். நம் இருவருக்கும் வாயை ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி வேலிக்கு வெளியே ஒரு பச்சை டிரக் நின்றது. உள்ளே ஆள் இருந்தான், இறங்கவில்லை. ஜூனி அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அங்கேயே தட்டை நீட்டினேன், வாங்கவில்லை. வெண்டலும் முட்டி வலியோடு உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை வெளியே எடுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

எவனோ விதை விற்பவனாக இருக்கும் என்கிறார். இருக்கட்டும். அந்த ராய்ஸ் யார்? அவரிடம் வேறு என்ன சொன்னாய்? உடனே எழுது.

கிளெண்டா


எல்டன்
25 மார்ச்

கிளெண்டா,

நீ எப்போதும் இப்படித்தான், பூனை தும்மினால் புயல் என்பாய். ராய்ஸ் தங்கமான மனிதர். அவருக்கும் ஒரு மகள் இருந்தாளாம். "எங்கிட்டேருந்து பறிச்சுட்டாங்க" என்று சொன்னார். கடவுள்தான் பறித்துக்கொண்டார் போலும், பாவம்; அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஜூனிக்குப் பொம்மை அனுப்ப ஆசைப்பட்டார். வீட்டு எண்ணைச் சொல்லவில்லை, தெருப் பெயரைத்தான் சொன்னேன். உங்கள் தெருவில் இருப்பதே மூன்று வீடுதானே, தபால்காரருக்குத் தெரியாதா?

"இன்னும் வெளக்குப் போட்டாத்தான் தூங்குதாங்க?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படியா?

அர்லீன்


கார்வர்
30 மார்ச்

அர்லீன்,

ஆமாம், விளக்குப் போட்டால்தான் தூங்குவாள். அதை நான் உனக்கு எழுதியதே இல்லை.

உன் கடிதத்தை எடுக்கப் போனபோது பெட்டியில் பொம்மையும் இருந்தது. பொட்டலத்தில் தபால்தலை இல்லை. கையால் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

டீக் அம்மையாருக்கு நானே போன் செய்தேன். செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். வெண்டல் தடுக்கவில்லை, வாசற்படியில் போய் நின்றுகொண்டார். ஷெரிஃப் அனுப்பிய போலீஸ்காரர் தெருமுனையில் காத்திருந்தார். பச்சை டிரக் அகப்படவில்லை.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று ஜூனியை அழைத்துப் போக வந்த டீக் அம்மையார் கேட்டார்.

"எங்க அக்காகிட்ட மட்டும்தாங்க."

ஜூனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். எந்த ஊருக்குப் போகிறாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. என்னிடம் அழவில்லை. காரில் ஏறும்போது டீக் அம்மையாரைத்தான் கேட்டாள்:

"இப்பப் போற வீட்டு அம்மாவுக்கு அக்கா யாராச்சும் இருக்காங்களா?"

பதில் எழுத வேண்டாம்.

கிளெண்டா