கோழி தீர்வதற்குள்

ஜூன் 8, ஞாயிறு

பிரசங்கம் 51 நிமிடம். அதில் விஷயம் இருந்தது முப்பத்தேழு நிமிடத்துக்கு. மீதிப் பதினான்கும் சொன்னதையே திருப்பிச் சொன்னது. சர்ச்சை விட்டு வெளியே வரும்போது 12:26. வெர்லீன் கடையில் போய் உட்காரும்போது 12:39. கோழி வறுவல் தீர்ந்துவிட்டது. எப்படித் தீராமல் இருக்கும்? மெதடிஸ்ட் சர்ச்காரர்களை 11:45-க்கே விட்டுவிடுகிறார்கள். ஊரில் உள்ள தொடைக்கறி முழுக்க அவர்கள் தட்டில்.

"ஈரல் இருக்கு கண்ணு, கொண்டு வரவா?" என்றாள் பரிமாறுகிறவள். ஈரல் தின்றோம். கறியோடு தருகிற மூன்று காய்களில் ஒன்றாக கொரின் மக்ரோனி வாங்கினாள். இந்த மாநிலத்தில் மக்ரோனியும் காய்கறி. கேட்டால் மெனுவைக் காட்டுகிறார்கள்.

கொரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை முழுக்க டியூட்டி. நான் ஏசி மெக்கானிக். அலபாமா கோடையில் ஆறு நாளும் அடுத்தவன் வீட்டுக் கூரைக்கடியில். எங்களுக்கு இருப்பது ஞாயிறு மதியம் ஒன்றுதான். அக்கம்பக்கத்து மூன்று மாவட்டங்களிலும் பதினொரு சாப்பாட்டுக் கடைகளைப் பட்டியல் போட்டு என் வண்டியில் ஒட்டியிருக்கிறாள். கோடை முடிவதற்குள் முடிக்க வேண்டும். எதற்குப் பேர்போன கடையோ அதைச் சாப்பிட்டால்தான் டிக். ஈரலுக்கு டிக் கிடையாது. ஏப்ரலிலிருந்து மூன்றுதான் முடிந்திருக்கிறது.

பதினொன்றாவது கடையில் அவளிடம் என்ன கேட்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சிக்கல்: பிரசங்கம் செய்கிற பாஸ்டர் ஹார்கெட் அவளுடைய அப்பா. போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில், கறி எப்படி என்று கேட்டார்கள். வறட்சியாக இருக்கிறது என்றேன். கேட்டார்கள், சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு நான் ராய்ஸ் இல்லை. "அந்தத் தம்பி".

ஜூன் 13, வெள்ளி

கொரினுக்கு அரை நாள். அணைக்கட்டுப் பக்கத்து மீன் கடை. கெளுத்தி வறுவல், வெண்டைக்காய், சோளமாவு உருண்டை. மீன் பிரமாதம். ஓரம் மொறுமொறு, உள்ளே வெள்ளை வெளேர். உருண்டைக்கு நடுவில் மாவு வேகவில்லை. எண்ணெயில் இருபது டிகிரி குறைகிறது. பொரிகிற சத்தத்திலேயே தெரிந்தது. பரிமாறின பெண்ணிடம் சொன்னேன். சமையல்காரர் வெளியே வந்தார். அவர் முன்னங்கை என் தொடை அளவு.

நீங்கள் யார் என்றார். ஏசி மெக்கானிக் என்றேன். "அப்ப ஏசியைப் பாருங்க தம்பி" என்று உள்ளே போனார்.

ஐந்து நிமிடத்தில் புதுத் தட்டு வந்தது. பொன்னிறம்; பிட்டால் ஆவி. கொரின் எட்டு உருண்டை தின்றாள். எண்ணினேன்.

"உன்கூட வந்தா சாப்பாடு ரெண்டு தடவை வரும்," என்றாள். "கடைக்குத்தான் ரெண்டாவது தடவை வர முடியாது."

டிக்.

ஜூன் 22, ஞாயிறு

54 நிமிடம். முப்பது மைல் ஓட்டிக்கொண்டு போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கொரின் கைப்பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டபடி சிரித்தாள். நான் ஸ்டீயரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்தது. அதற்கும் சிரித்தாள்.

ஜூன் 25, புதன்

சர்ச் ஏசியை மாதம் ஒருமுறை நான்தான் இலவசமாகப் பார்த்துக்கொடுக்கிறேன். இன்று வடிகட்டி கழுவினேன். பிறகு தெர்மோஸ்டாட்டில் ஒன்று செய்தேன். ஞாயிறு காலை 11:50-க்கு எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து எண்பத்திரண்டுக்கு. மூன்று பொத்தான்.

சூடு ஏறினால் மனிதன் சுருக்கமாகப் பேசுவான். பொய் ஒன்றும் இல்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே?

ஜூன் 29, ஞாயிறு

11:58-க்கு பாஸ்டர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். 12:03-க்கு ஆமென்.

வெர்லீன் கடையில் ஜன்னலோர மேஜை. கோழி வறுவல் — தொடை இரண்டு, நெஞ்சுத் துண்டு ஒன்று. மோரில் ஊறிய கோழி. தோல் பல்லில் பட்டதும் உடைகிறது, உள்ளே சாறு. பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரை. தட்டைப்பயறு. சோள ரொட்டியைக் கீரைச் சாற்றில் தோய்த்து கொரின் என் வாயில் வைத்தாள், சட்டையில் சொட்டியது. வெர்லீனிடம் உப்பு ஒரு சிட்டிகை அதிகம் என்றேன். "சாப்பிட்டு முடிச்சப்புறம்தானே சொல்ற தங்கம்," என்று எலும்புத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"இன்னைக்கு அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் கொரின்.

வாழைப்பழப் புட்டிங் வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 3, வியாழன்

அந்த மூன்று பொத்தானையும் பழையபடி மாற்றிவிடலாமா? சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

12:05. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அடுப்புக் கடை. புகையில் வெந்த கோழியை அப்படியே வெள்ளை சாஸில் முக்கி எடுக்கிறார்கள். சாஸ் புளிப்பு, மிளகு தாராளம். குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தேன், கிடைக்கவில்லை. கொரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே சொல்லல? உடம்பு சரியில்லையா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நர்ஸ் கை. சாஸ் கை.

அப்போதே கேட்டிருக்கலாம். இது ஆறாவது கடைதான்.

ஜூலை 13, ஞாயிறு

வெளியே 97 டிகிரி. 11:50-க்கு ஏசி நின்றது. பாஸ்டர் சுருக்கவில்லை. கோட்டைக் கழற்றினார். இந்த அனல் ஆண்டவருடைய அக்கினி என்றார். கைவிசிறிகள் ஆட ஆட அவர் குரலும் ஏறியது. எல்லோரையும் ஜெபிக்க மேடை முன்னால் வரச்சொன்னார். வந்தார்கள். 12:40.

பாடகர் வரிசையில் மிஸ் யூடோரா சாய்ந்தார். எழுபத்துநான்கு வயது. கொரின்தான் ஓடிப்போய்ப் பிடித்தாள். வெளியே மரத்தடியில் படுக்கவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டு, நாடி பார்த்தாள். பத்து நிமிடத்தில் அந்த அம்மா எழுந்து தண்ணீர் கேட்டார். நான் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பாஸ்டர் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். இந்தத் தம்பி காசு வாங்காமல் பார்த்துக்கொடுக்கிறான், மிஷினுக்கு வயசாகிவிட்டது, அவன் என்ன செய்வான்? புது ஏசிக்குக் காணிக்கை எடுக்கலாம் என்றார். அங்கேயே தட்டு சுற்றியது.

மிஷினுக்கு ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நான்! வாயை!

சாப்பிடப் போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் கொரினிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். சிரிக்கவில்லை.

"வெர்லீன்கிட்ட மூஞ்சிக்கு நேரா உப்பு ஜாஸ்திங்கிற. எங்கம்மா கறி வறட்சிங்கிற. எங்கப்பாகிட்ட 'நீளமா பேசுறீங்க'ன்னு சொல்ல மட்டும் பயமா?"

"பயந்தான்."

"ஏன்?"

"வெர்லீன்கிட்ட எனக்கு எதுவும் வேண்டியதில்ல. உங்கப்பாகிட்ட வேணும்."

என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வண்டியில் ஒட்டியிருந்த பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதை அவர்கிட்ட கேக்கக் கூடாது, என்கிட்ட கேக்கணும். ஆனா இப்பக் கேட்டா பதில் நல்லா இருக்காது. முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லு. மிஸ் யூடோராகிட்டயும்."

ஜூலை 15, செவ்வாய்

மிஸ் யூடோரா கேட்டுவிட்டு, "பதினஞ்சு வருஷமா யாராச்சும் ஏதாச்சும் பண்ணுவாங்களான்னு பாத்துட்டு இருந்தேன். என்னைச் சாய்ச்சுத்தான் பண்ணணுமா?" என்றார். தோட்டத்துத் தக்காளி ஒரு பை கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

சர்ச் அலுவலக அறை. தெர்மோஸ்டாட்டைப் பழையபடி வைத்துவிட்டு உள்ளே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். மூன்று பொத்தான், மூன்று ஞாயிறு, மிஷின் நன்றாக இருக்கிறது, காணிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். எதற்காகச் செய்தாய் என்றார். வெர்லீன் கடைக் கோழிக்காக என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"ஞாயித்துக்கிழமை நான் அந்தக் கடைக்குப் போனதே இல்ல," என்றார். "எல்லாருக்கும் கை குடுத்து அனுப்பி முடிக்கும்போது ஒரு மணி. வீட்டுல ஆறிப்போன கறிதான்." கொஞ்சம் நிறுத்தி, "வறட்சியான கறி."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு ஜாஸ்தி?"

"பதினாலு நிமிஷம். அந்தத் தொலைஞ்ச ஆட்டுக் கதை ரெண்டு தடவை வருது ஐயா."

மேஜையிலிருந்த பென்சிலை நேராக வைத்தார். மறுபடி நேராக வைத்தார்.

"என் பெண்சாதி சமையலை நீ சொன்னப்ப எனக்குக் கோபம். ஆனா ராத்திரி படுத்து யோசிச்சேன். இவ்வளவு வாய் இருக்கிறவன் முதுகுக்குப் பின்னால ஒண்ணும் பண்ண மாட்டான், நம்ம பொண்ணு பிழைச்சுக்குவான்னு. அதைத்தான் கெடுத்துட்ட ராய்ஸ்."

கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதற்குப் போய்.

ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நீயே சொல் என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

சொன்னேன். எழுதிக்கொண்டு போகவில்லை. முப்பது வினாடிதான் ஆனது. இருநூறு பேர், விசிறி கூட ஆடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு டீக்கன்: "ஏசியில கை வச்சது தப்பு. பதினாலு நிமிஷக் கணக்கு தப்பில்ல." பெஞ்சுகள் குலுங்கின. மிஸ் யூடோராதான் முதலில் சிரித்தார்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. மேடை ஏறி என்னைப் பார்த்தபடி அறுபத்திரண்டு நிமிடம் பேசினார். ஆடு மூன்று தடவை தொலைந்தது.

ஆறு நாளாக என்னோடு பேசாதவள் வெளியே வந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "பசிக்குது, எடு."

எல்லாக் கடையிலும் எல்லாம் தீர்ந்திருந்தது. பெட்ரோல் பங்க்கில் கோழி இரைப்பை வறுவல், காகிதப் பையில். ரப்பர் மாதிரி இருந்தது. ரப்பர் மாதிரி இருக்கிறது என்றேன்.

"ஆங். இப்பத்தான் நீ," என்று மிச்சத்தையும் என் மடியில் கொட்டினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

48 நிமிடம். ஆடு ஒரு தடவைதான். காரணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எட்டாவது கடை: பன்றி விலா, பீச் பழம் அடைத்துச் சுட்ட பணியாரம்.

பதினொன்று வரை எனக்குப் பொறுமை இல்லை. அங்கேயே கேட்டேன்; சரி என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தின விடுமுறை. ஆற்றங்கரைக் கடை, பட்டியலில் ஒன்பதாவது. கொரினுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கோழி சூடாக வந்தது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தார் — ஒன்பது வினாடி — பிறகு தொடையை எடுத்து விரலைச் சுட்டுக்கொண்டார். எலும்பு வெளுக்கும் வரை பேசவில்லை. அவர் மனைவி என்னைப் பார்த்து, கறியை எவ்வளவு நேரம் மூடி வேகவைக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

கைதுடைக்கும் தாளை விரித்து பாஸ்டர் பேனா எடுத்தார். "அக்டோபர்ல உங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு நான் எவ்வளவு நேரம் பேசலாம்?"

"உங்க இஷ்டம் ஐயா," என்றேன்.

மேஜைக்கு அடியில் கொரின் என் காலை மிதித்தாள்.

"பன்னிரண்டு நிமிஷம்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இருபது.