பச்சை மையும் ஒரு சைபரும்

இன்று உன் மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். உன் பச்சை மைப் பேனா கிடைத்தது. மூடியைத் திறந்ததும் அதே மை வாசம். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது, இன்னும் என்னைப் பொறாமைப்பட வைக்கிறாயே!

தொண்ணூறுகளில் செங்கல்பட்டு சர்வே ஆபீசில் நமக்கு எதிரெதிர் மேசை. வீடு வீடாகக் கேட்டு ஆட்கள் நிரப்பிவந்த படிவங்களைப் பார்த்து, பிழைகளைப் பச்சை மையில் திருத்துவது வேலை. மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. எனக்குத்தான் வரவேண்டும் என்று துடித்தேன். நீ ஒரு படிவம் பார்ப்பதற்குள் நான் நாலு முடித்துவிடுவேன்.

அப்போதுதான் நெம்மேலி மீனவர் வீட்டுப் படிவம் வந்தது. ஆறு பேர், அந்த வாரம் சமைத்த அரிசி சைபர். ஆறு பேரும் காற்றையா தின்றார்கள்? பக்கத்து வீட்டுப் படிவங்களைப் பார்த்து ஓர் அளவைப் போட்டேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"கேட்டியாடீ?"

"இன்னாத்த கேக்கறது? யார்கிட்ட?"

"அந்த வூட்டுலதான்."

மறுநாள் லீவு போட்டு பஸ் ஏறினாய். லீவு போட்டு! அந்த வீட்டம்மா உன்னிடம் சொன்னாளாம்: "சாவு வூட்டுல எவம்மா அடுப்பு மூட்டுவா? அந்த வாரம் பூரா சொந்தக்காரங்கதான் சோறு கொண்டாந்துகினு இருந்தாங்க." அதிகாரி எதிரிலேயே என் எண்ணை அடித்து, மறுபடி சைபர் போட்டுக் கையெழுத்தும் வைத்தாய். பதவி உனக்குப் போனது.

"பெரிய இவ" என்று கேண்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். உன் காதுக்கும் வந்திருக்கும். ஆனாலும் எனக்குச் சர்க்கரை கம்மியாகக் காபி சொல்வதை நீ நிறுத்தவில்லை. நீ செய்தது சரி என்று நான் கடைசிவரை சொல்லவேயில்லை.

போன மாதம் கருங்குழியில் உன் வீட்டுக்கு வந்தேன். "ஒரு வாய் சாப்ட்டு போம்மா, எதிர்வூட்டுலேர்ந்து வந்துகீது" என்றார் உன் கணவர். உள்ளே அடுப்பு துடைத்துவைத்தபடியே கிடந்தது. இந்த வாரம் அரிசி சைபர் என்று மனசு தானாகப் பதிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் பதவியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று வந்த முதல் படிவம் வேடந்தாங்கல் வீடு ஒன்றினுடையது; அதிலேயே அரிசி சைபர். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, வேடந்தாங்கலுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். நீ மறுநாள்தான் போனாய்; உன்னைவிட ஒருநாள் முன்னதாக, இன்றைக்கே கிளம்புகிறேன், பார். ஆனால் இதை யாரிடம்டீ பீற்றிக்கொள்வேன்?