தண்டனை இல்லை, நோய்

இன்று காலை வில்லியனூரில் பஸ் ஏறியபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணின் கூடையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போனார்கள். நான் நகரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன் அக்கா.

மார்பில் கட்டியோடு மணப்பட்டிலிருந்து எங்கள் புற்றுநோய் வார்டுக்கு வந்தாய். மீன் விற்றுப் பழகிய குரல். நீ பேசினால் கடைசிக் கட்டில் வரை கேட்கும். முதல் நாள் மருந்து ஏற்றும்போது, கவலைப்படாதீங்க, கடவுள் இருக்காரு என்றேன். நர்ஸ் வேலையில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. நீ என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாய்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஊசிய ஒழுங்கா குத்து."

எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாவது முறை வந்தபோது உனக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. உன் வீட்டுக்காரரின் அண்ணன் பார்க்க வந்தார். நீ ஏதோ வேண்டுதலை மறந்துவிட்டதால் அம்மன் கொடுத்த தண்டனை இது என்று குறி சொன்னவர் சொன்னாராம். அதை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நீ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாய்.

"தீச்சட்டி எடுத்தவ நானு. அம்மனுக்குக் கோவம்னா எங்கிட்ட சொல்லட்டும். நடுவுல நீங்க யாரு?"

அவர் போனபிறகு அந்தத் துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டாய். நான் இன்னா தப்பு பண்ணேன் என்று என்னைக் கேட்டாய். உன் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, இது நோய் அக்கா, தண்டனை இல்ல என்றேன்.

"அத தெனம் வந்து சொல்லுடி."

நீ வார்டில் இருந்த நாளெல்லாம் சொன்னேன். சில நாள் நீ சிரித்தாய், சில நாள் அழுதாய். இரண்டுக்கும் கூட இருந்தேன்.

மாசி மகத்துக்கு என்னையும் கூட்டிப்போனாய். சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்தபோது, உன்னைத் தலையை மூடிக்கொண்டு பின்னால் நிற்கச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். நீ மொட்டைத் தலையோடு முன்வரிசையில் நின்றாய். "அம்மன் பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல" என்று என் காதில் சொன்னாய்.

அடுத்த மழைக்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி எத்தனை நாள் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டாய். பதிலைக் கேட்டுக்கொண்டு, வூட்டுக்குப் போறேன் என்றாய். முடிந்தவரை மீன் விற்றாய்.

உன் சாவு வீட்டில் உன் வீட்டுக்காரரின் அண்ணன் மறுபடி பாவம், தண்டனை என்று ஆரம்பித்தார். அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாதவள் நான். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, அது நோய் என்று சத்தமாகச் சொன்னேன்.

நேற்று பாகூரிலிருந்து வந்த ஒருவர், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, போன ஜென்மத்துப் பாவமா சிஸ்டர் என்று கேட்டார். அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர், அங்க உட்கார்ந்து என்ன கதை, வேலை இல்லையா என்றார்.

"வேலைதான் மேடம் செய்றேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை அக்கா.