பிளாஸ்டிக் செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

நெரவி,
கார்த்திகை 18

அன்பு மகன் செந்தில்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, கல்யாணப் பெண்ணாகிவிட்ட உன் தங்கை சந்திரலேகா எல்லோரும் சௌக்கியம், அங்கே அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், திருநள்ளாற்றுச் சனீஸ்வரர் பார்வை உன் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரு மாதம் தங்கிவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, பத்திரமாகத்தான் வந்தேன், மரியாதையோடு வந்தேனா என்பது வேறு கதை. நடுவில் பிளேன் மாறினேனே, அந்த ஏர்போர்ட்டில் எங்கே பார்த்தாலும் பச்சை. சுவரெல்லாம் இலைப் படம், பூமியைக் காப்போம் என்று எழுத்து, சாப்பிட மரக்கரண்டி, அந்தக் கரண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சோதனைக்கு முன்னால் பாட்டில் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று மதகைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த கடைமடைக்காரன், குப்பைத்தொட்டியில் எப்படிக் கொட்டுவேன்? பக்கத்தில் தளதளவென்று வரிசையாகச் செடிகள் இருந்தன, நாற்பது வருஷம் பயிர் பார்த்த கண்ணல்லவா, அடிமண் காய்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓட, கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் வழுக்கித் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். இலையைக் கிள்ளிப் பார்த்தால் அத்தனையும் பிளாஸ்டிக்.

பயணிகளிடம் கருத்துக் கேட்கிற ஒரு பெண் ஓடி வந்தாள். நம் காரைக்கால் பெண்தான், ஷிஃபா என்று பெயர், என் வேட்டியையும் நான் போட்ட அய்யய்யோவையும் வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். என்ன மாமா, இதுக்குத் தூசி தட்டத்தான் ஆள் வெச்சிருக்காங்க, நீங்க வெள்ளாமையே பண்ணிடுவீங்க போலயே என்று சிரித்துவிட்டு, துடைக்க ஆள் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, எங்க ஏர்போர்ட்டு சுற்றுச்சூழலைக் காப்பாத்துறதுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுறீங்க என்றாள். ஏம்மா, மத்தவங்க எவ்வளவு போடுறாங்க என்று கேட்டேன். இந்தச் செடியைப் பாத்துட்டு எல்லாரும் அஞ்சு போட்டுட்டுப் போறாங்க மாமா என்றாள். எட்டாம் வகுப்பிலேயே பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிப் பழகியவன் நான், நானும் ஐந்தே போட்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நீ போனில் பேசியதை அம்மா சொன்னாள். பிளேனில் பறந்தால் பூமிக்குப் புகை, அதனால் தங்கை கல்யாணத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாயாம். என்னை வரவழைத்தபோது அந்தப் புகை எங்கே போயிருந்தது? உன் அக்கறையைக் குறை சொல்லவில்லையப்பா, கடல் தண்ணீர் புகுந்து நம் வயலில் உப்பு ஏறுவது எனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளைக்கு மச்சான் கையால் மோதிரம் போட வேண்டும், போனுக்குள்ளிருந்து கை வெளியே வருமா? சந்திரா, வாங்கி வைத்த மோதிரத்தை உன் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மண்டபத்துக்காரர் வாசலில் கட்டப் பிளாஸ்டிக் வாழைமரம் இருக்கிறது, வாடாது என்கிறார். கொல்லையில் நீ வைத்த கன்றின் வழியில் வந்த இரண்டு வாழைகள் தார் தள்ளி நிற்கின்றன. நீ வந்தால் அவற்றை வெட்டிக் கட்டுவேன். போனில்தான் வருவாய் என்றால் பிளாஸ்டிக்கையே கட்டி, உனக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுகிறேன்.

நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. முகூர்த்தம் தை ஒன்பது காலையில், மறந்துவிடாதே. வரும் வழியில் பாட்டில் தண்ணீரைக் குடித்தே தீர்த்துவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
சுவாமிநாதன்